இத்தாலிக் கடலோரத்தில் நடக்க எங்கே போகலாம்: சிங்க்வே தெர்ரேயா, அமால்ஃபியா, கமோலியா?

இத்தாலிக்குப் பத்து நாள் பயணம் போடுகிறவர்கள் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் முதலில் எழுதிக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் மூன்று நான்கு நாளுக்கு "கடலோரமா, ஊர் ஊரா நடக்கிற மாதிரி ஒரு இடம்" என்று தேடும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். என் தங்கை போன மாதம் இரண்டு போட்டோ அனுப்பி, "அண்ணா, இதுவா அதுவா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்றாள். ஒன்று சிங்க்வே தெர்ரே, இன்னொன்று அமால்ஃபி. இரண்டிலும் பாறைமேல் அடுக்கிய வண்ண வீடுகள், கீழே நீலத் தண்ணீர். பெயரை மறைத்துவிட்டால் எது எதுவென்று எனக்கே சந்தேகம் வரும். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதோடு அவள் கேட்காத மூன்றாவது இடம் ஒன்றும் என் மனதில் இருந்தது. இரண்டு தடவையாகப் போய் மூன்றிலும் நடந்துவிட்டு வந்தவன் என்பதால், அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அழகை வைத்து முடிவு பண்ணப் பார்த்தால் முடிவே வராது, மூன்றுமே அழகுதான். நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம். பாதி வழியில் முட்டி பிடித்துக்கொண்டால், மழை வந்தால், கூட வந்தவர் "இனி ஒரு அடிகூட வைக்க மாட்டேன்" என்று கல்லில் உட்கார்ந்துவிட்டால், அறைக்கு எப்படித் திரும்புவது? சிங்க்வே தெர்ரேயில் அதற்கு ரயில் இருக்கிறது. அமால்ஃபியில் பஸ். கமோலியில் படகு, அதுவும் கடல் சம்மதித்தால்.

சிங்க்வே தெர்ரே என்றால் ஐந்து நிலங்கள் என்று அர்த்தம். வடமேற்கு இத்தாலியின் லிகூரியா மாநிலக் கடற்கரையில் வடக்கிலிருந்து மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து ஊர்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 1999இல் தேசியப் பூங்கா ஆனது. ஐந்து ஊருக்கும் ரயில் நிலையம் உண்டு. ஒரு பக்கம் லெவான்தோ, மறுபக்கம் லா ஸ்பெட்சியா, நடுவில் சுரங்கம் சுரங்கமாக ஓடும் ரயில். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இருட்டுதான், நடுநடுவே கடல் பளிச்சென்று தெரிந்து மறையும்.

முதல் தடவை நான் போனது அப்பா அம்மாவோடு. அம்மாவுக்கு 62 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நானும் அப்பாவும் மோன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு நடந்தோம், மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா ரயிலேறி எங்களுக்கு முன்னாலேயே போய், துறைமுகத்துக்கு எதிரே உள்ள சின்னச் சதுக்கத்தில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வேர்த்து வழிய இறங்கி வந்ததைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடக்கிறவர் நடக்கலாம், முடியாதவர் ரயிலில் வரலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறெதுவும் இல்லை, மற்ற இரண்டு இடத்திலும் இது இப்படி அமையாது.

அதற்காக நடை லேசானது என்று எண்ணிவிட வேண்டாம். "கடலோரப் பாதை" என்று படித்துவிட்டு மெரினா மாதிரி சமதளமாக இருக்கும் என்று வருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே வாயைத் திறந்து மூச்சு விடுவார்கள். மலையை வெட்டி அடுக்கடுக்காகத் திராட்சை போட்டிருக்கிறார்கள், அந்த அடுக்குகளுக்கு நடுவே ஏறி இறங்கும் கல்படிகள்தான் பாதை. படி ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முட்டி உயரம். ஓரத்தில் சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் கல்மேல் கல் வைத்துக் கட்டிய சுவர். இப்படிச் சுவர் கட்டும் கலையையே 2018இல் யுனெஸ்கோ தனிப் பட்டியலில் சேர்த்தது, இத்தாலியோடு இன்னும் பல நாடுகளுக்கும் சேர்த்து. சுவர் சரிந்தால் மலையும் சரியும், அதனால் பாதை அடிக்கடி மூடப்படும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் இதுதான். ஐந்து ஊரையும் இணைக்கும் நீலப் பாதை என்று ஒன்று உண்டு, எல்லாப் படத்திலும் முழுசாகக் கோடு போட்டிருக்கும். ஆனால் கொர்னீலியாவிலிருந்து மனரோலாவுக்குப் போகும் கடலோரத் துண்டு மண்சரிவால் பல வருடமாக மூடியே கிடக்கிறது. மனரோலாவிலிருந்து ரியோமஜோரேவுக்குப் போகும் காதலர் பாதை, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான், 2012இல் பாறை விழுந்து சுற்றுலாப் பயணிகள் காயப்பட்டதும் மூடப்பட்டு, 12 வருடம் கழித்து 2024இல்தான் திறந்தது. அதற்குத் தனியாக நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டும். பாறையில் செதுக்கிய சமமான நடைபாதை, அம்மாவைப் போன்றவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதை மலைநடை என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன். மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா வரைக்குமான துண்டுகளுக்குப் பூங்காவின் நடை அட்டை வாங்க வேண்டும், விலை நாளுக்கு நாள் கூட்டத்தைப் பொறுத்து மாறும். கூட்டம் மிஞ்சும் சில நாட்களில் மோன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா பக்கம் மட்டும்தான் நடக்கலாம் என்று ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ரப்பர் செருப்போடு பாதையில் இறங்கினால் 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் போடலாம், கிண்டலுக்குச் சொல்லவில்லை, 2019இலிருந்து இருக்கிற விதி.

எனக்குப் பிடித்தது அந்தப் பணம் கட்டும் துண்டுகள் அல்ல. கொர்னீலியாவிலிருந்து வொலாஸ்த்ரா வழியாக மனரோலாவுக்குப் போகும் மேல்பாதைதான். கட்டணம் கிடையாது, இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், முதல் பகுதி செங்குத்து ஏற்றம், அதற்கப்புறம் 300 மீட்டருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களின் விளிம்பிலேயே நடை. அங்கேதான் அந்த ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பக்கத்தில் பார்த்தேன். கை அகலத்தில் பல் வைத்த ஒரே ஒரு இரும்புத் தண்டு மலையிலிருந்து தலைகீழாகக் கீழே போகிறது, அதன்மேல் மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு ஒரு குட்டி இன்ஜின், பின்னால் தகரத் தட்டு. அறுவடையில் திராட்சைக் கூடைகளை அதில்தான் ஏற்றுவார்கள். நாங்கள் போனபோது தட்டில் சிமென்ட் மூட்டையும், அதன்மேல் ஒருவர் மடித்துவைத்த சட்டையும் இருந்தன. சியாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் இந்த அடுக்குகளில் விளையும் திராட்சையை உலர்த்திப் பிழிந்ததுதான். வொலாஸ்த்ராவில் கால் கேட்கவில்லை என்றால் மனரோலாவுக்குச் சின்ன பஸ் இருக்கிறது. கொர்னீலியா மட்டும் கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து 380 படி போல ஏற வேண்டும், பஸ் கிடைத்தால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள்.

இன்னொன்று, லெவான்தோவிலிருந்து பூந்தா மெஸ்கோ முனை வழியாக மோன்தெரோஸ்ஸோ. மூன்று மணி நேரம் போல ஆகும், இதுவும் இலவசம், பாதி நேரம் பைன் மர நிழல். முனையில் பாழடைந்த பழைய மடம் ஒன்று இருக்கிறது, அங்கே நின்றால் ஐந்து ஊர் இருக்கும் கரை முழுக்க ஒரே பார்வையில் விரியும். ஐந்து ஊருக்குள்ளேயே தங்க வேண்டும் என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள், நான் லெவான்தோவில் தங்கச் சொல்வேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டாம், ஊர் சமதளம். அங்கிருந்து பொனாசோலா, ஃப்ரமூரா வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், சுரங்கத்துக்குள் குளுகுளுவென்று நடந்து வெளியே வந்தால் கடல். வயதானவர்களுக்கு அருமையான இடம்.

சரி, நேப்பிள்ஸுக்குத் தெற்கே இருக்கும் அமால்ஃபி. அங்கே நடை என்றாலே எல்லோரும் சொல்வது தெய்வங்களின் பாதை. அஜெரோலாவின் பொமெரானோ என்ற மலைக் கிராமத்தில் ஆரம்பித்து, கடலோர ஊரான பொசித்தானோவுக்கு மேலே இருக்கும் நொச்செல்லேவில் முடிகிறது. ஆறு ஏழு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம், கட்டணம் இல்லை. ஆரம்பம் 600 மீட்டருக்கு மேலே, முடிவு 400 சொச்சம் மீட்டரில். அதனால் பொமெரானோவிலிருந்து வந்தால் மொத்தத்தில் இறக்கம், எதிர்ப்பக்கமாக வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே திசையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோமே என்று நிம்மதியாக இருக்கும். ஒரே ஒரு நடையை மட்டும் வைத்துப் போட்டி போட்டால் இதுதான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். சிங்க்வே தெர்ரேயில் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். இங்கே கடல் காலுக்கு அடியில் அரைக் கிலோமீட்டர் கீழே இருக்கிறது, படகு ஒவ்வொன்றும் வெள்ளைக் கீறல் மாதிரி, தூரத்தில் காப்ரி தீவு, அதற்கு முன்னால் லி கல்லி என்ற மூன்று குட்டித் தீவுகள். பாலே நடனக்காரர் நூரெயெவ் ஒரு காலத்தில் அந்தத் தீவுகளுக்குச் சொந்தக்காரர். பாதை சில இடங்களில் குறுகல்தான், ஆனால் தொங்கிக்கொண்டு போக வேண்டிய மாதிரி எங்கும் இல்லை. ஆட்டு மணிச் சத்தம் கேட்டபடியே இருக்கும்.

பிரச்சினை நடை முடிந்தபின் வருகிறது. நொச்செல்லேவிலிருந்து கடலோரச் சாலைக்கு இறங்க 1,500க்கும் மேற்பட்ட படிகள். எண்ணிப் பார்க்கப் போய் 700இல் விட்டுவிட்டேன், தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நொச்செல்லேவிலிருந்தே பொசித்தானோவுக்குச் சின்ன பஸ் உண்டு, அதில் போயிருக்கலாம், வீம்பு. கீழே இறங்கி அமால்ஃபி பக்கம் போகும் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றால், கோடைக்கால சாயங்காலம், முதல் பஸ் நிரம்பி வழிந்து நிற்காமலே போனது, இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதில் கதவோடு ஒட்டிக்கொண்டு போனோம். அந்தக் கடற்கரையில் ரயிலே கிடையாது. ஒரு பக்கம் சொரெந்தோ, மறுபக்கம் சலெர்னோ, நடுவே ஒரே ஒரு வளைந்த சாலை. கூட்ட நாட்களில் அதில் கார்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கட்டுப்பாடு வைக்கிற அளவுக்கு நெரிசல். படகு நன்றாக இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் கிடையாது. காலை ஏழரை எட்டுக்குள் பொமெரானோவில் இருந்தால் பாதி தொல்லை தீரும், அப்படி இருக்க முந்தின இரவே அஜெரோலாவில் தங்கிவிடுவது நல்லது. அறை வாடகையும் பொசித்தானோவோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை, பாலாடைக்கட்டிக்கும் பேர் போன ஊர்.

அமால்ஃபியில் தெய்வங்களின் பாதையோடு நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு நல்ல குட்டி நடையை விட்டுவிடுகிறார்கள். மயோரியிலிருந்து மினோரிக்கு எலுமிச்சைப் பாதை என்று ஒன்று, இரண்டரை கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சாலை வருவதற்கு முன்னால் பெண்கள் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள எலுமிச்சைக் கூடைகளைத் தோளில் சுமந்து இந்தப் படிகளில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபொர்மிக்கெல்லே, குட்டி எறும்புகள், என்று பெயர். இங்கே விளையும் எலுமிச்சை கொஞ்சம் நீளவாக்கில், உள்ளங்கையை நிறைக்கும் அளவில் இருக்கும். ஒன்றை வட்டமாக நறுக்கி, தோலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியோடு சேர்த்து உப்பு தூவிக் கொடுத்தார்கள். கசக்கவே இல்லை.

இப்போது தங்கை கேட்காத மூன்றாவது இடம். இதுவும் லிகூரியாவில்தான், ஜெனோவாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் கமோலி வந்துவிடும். ஆறேழு மாடி வைத்த உயரமான வீடுகள், பாதி ஜன்னல்கள் உண்மையான ஜன்னலே இல்லை, சுவரில் நிழலோடு வரைந்தவை; கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். இங்கிருந்து போர்ட்டோஃபினோ மலைமுனையைச் சுற்றி நடந்து, நடுவில் சான் ஃப்ருத்துவோசோ மடத்தைத் தொட்டு, போர்ட்டோஃபினோவில் இறங்குவது ஒரு முழு நாள் நடை. கமோலி நிலையத்தின் பெயர்ப்பலகையில் "கமோலி - சான் ஃப்ருத்துவோசோ" என்றே போட்டிருக்கிறது, அதைப் பார்த்து மடம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக் கைப்பையோடு இறங்குகிறவர்கள் உண்டு. மடத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து வர வேண்டும், அல்லது படகு.

கமோலியிலிருந்து சான் ரோக்கோ தேவாலயம் வரை படியேற்றம், அங்கே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் பாதை இரண்டாகப் பிரியும். கடல் பக்கமாகப் போவது இரண்டாம் உலகப் போர்க் கால பீரங்கித் தளங்களைத் தாண்டிப் போகிறது, கான்கிரீட் குகைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதைக் கடந்ததும் பாறையில் சங்கிலி பிடித்து நகர வேண்டிய இடங்கள் வரும். என்னோடு வந்த நண்பன் முதல் சங்கிலியைக் கையில் எடுத்தான், கீழே பார்த்தான், சங்கிலியைத் திரும்ப வைத்துவிட்டான். உயரம் என்றால் அவனுக்குப் பயம் என்பது பதினைந்து வருடப் பழக்கத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, மலைக்குள்ளே மரங்களுக்கு நடுவே போகும் பியெத்ரே ஸ்த்ரெத்தே வழியைப் பிடித்தோம், அது சுற்று என்றாலும் பயமில்லை. இந்த மலையில் வழி காட்டுவது சிவப்பு நிறத்தில் வரைந்த புள்ளி, முக்கோணம் மாதிரி குறிகள். எந்தக் குறியைப் பிடித்துப் போகிறோம் என்பதைப் புறப்படும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சான் ஃப்ருத்துவோசோவுக்கு மேலிருந்து இறங்கி வந்தால், காட்டுக்கு நடுவே திடீரென்று வளைவு வளைவாகக் கல் மடம், அதன் வாசலிலேயே கூழாங்கல் கரை. உள்ளே ஜெனோவாவின் தோரியா குடும்பத்தாரின் கல்லறைகள், சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக. விரிகுடாவில் சுமார் 17 மீட்டர் ஆழத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் இயேசுவின் வெண்கலச் சிலை 1954இல் இறக்கியது, முங்குகிறவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். நாங்கள் கரையில் படுத்து, கடைசிப் படகில் கமோலி திரும்பலாம் என்று சாவகாசமாக இருந்தோம். மூன்று மணிக்கு அலை எழுந்தது. பெரிய புயலெல்லாம் இல்லை, கரைக்குப் படகு ஒட்ட முடியாத அளவுக்கு அலை, அவ்வளவுதான். படகு இல்லை என்றார்கள். அப்புறம் என்ன, பையை மாட்டிக்கொண்டு போர்ட்டோஃபினோவுக்கு 200 மீட்டர் போல ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தோம். அங்கேயும் ரயில் நிலையம் கிடையாது, ஐந்து கிலோமீட்டர் தள்ளி சாந்தா மார்கரீத்தாவுக்குப் பஸ்ஸில் போய் ரயில் பிடித்தோம். போர்ட்டோஃபினோ துறைமுகத்தில் காபி விலையைப் பார்த்துவிட்டு தண்ணீர் பாட்டிலையே திறந்துகொண்டோம். இவ்வளவுக்கும் பிறகு, மூன்றில் எதற்குத் திரும்பப் போவாய் என்று கேட்டால் இதற்குத்தான். மலைக்குள்ளே போன அந்த வழியில் ஒரு மணி நேரத்துக்கு எதிரே நாலு பேர்தான் வந்தார்கள், சிங்க்வே தெர்ரேயில் அது நாலு நிமிடக் கணக்கு.

ஆனால் என் ஆசை வேறு, தங்கைக்கான யோசனை வேறு. அவளோடு ஏழு வயதுப் பையனும் மாமியாரும் போகிறார்கள். யோசிக்காமல் சிங்க்வே தெர்ரே, லெவான்தோவில் மூன்று இரவு என்று சொல்லிவிட்டேன். ஃப்ளாரன்ஸிலிருந்து லா ஸ்பெட்சியாவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் போலத்தான், அவள் போட்ட பாதையிலும் அது பொருந்துகிறது. நீங்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ், பொம்பேய் என்று தெற்கே போகிறவர் என்றால், அமால்ஃபியை விட்டுவிட்டு சிங்க்வே தெர்ரேவுக்காக வடக்கே ஓடுவதில் அர்த்தமில்லை; சலெர்னோ வரை ரயில், அங்கிருந்து படகு, தெய்வங்களின் பாதைக்கு ஒரு நாள், எலுமிச்சைப் பாதைக்கு ஒரு காலை. மிலானில் இறங்குகிறவர்கள், இரண்டு பேராகப் போகிறவர்கள், நாள் பூராவும் நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் கமோலி. நான்கு நாளில் அமால்ஃபியும் சிங்க்வே தெர்ரேயும் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு முழு நாள் ரயிலில் போய்விடும்.

சாப்பாடு பற்றிச் சைவர்கள் கட்டாயம் கேட்பார்கள். லிகூரியா பக்கம் கவலையே வேண்டாம். ஃபரினாத்தா என்று கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து விறகடுப்பில் அகலத் தாம்பாளத்தில் சுடுவார்கள்; ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்று, மேலே மிளகுத்தூள். அம்மா இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்ட ஒரே இத்தாலியப் பண்டம் அதுதான். கமோலிக்குப் பக்கத்து ஊரான ரெக்கோவின் பாலாடைக்கட்டி வைத்த ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டியும் அப்படித்தான், சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். நெத்திலிதான் ஆபத்து, கேட்காமலே மேலே போட்டுவிடுவார்கள். மெனுவில் அச்சூகே என்றோ அலீச்சி என்றோ இருந்தால் அது நெத்திலி. அமால்ஃபி பக்கம் கொலத்தூரா என்று நெத்திலியிலிருந்து வடித்த சாறு ஒன்று உண்டு, பார்த்தால் எண்ணெய் மாதிரிதான் இருக்கும்.

மாதம் என்று பார்த்தால் மே, இல்லாவிட்டால் செப்டம்பர் பிற்பாதி. ஜூலை, ஆகஸ்ட் மூன்று இடத்துக்குமே வேண்டாம், வெயிலும் கூட்டமும் சேர்ந்து நடையின் சுகத்தையே கெடுத்துவிடும். அக்டோபர் கடைசி நிறம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் லிகூரியாவில் அதுதான் பெருமழைக் காலம். 2011 அக்டோபர் 25இல் வந்த வெள்ளத்தில் வெர்னாட்சாவின் தெரு முதல் மாடி வரை சேற்றில் புதைந்துபோனது. இப்போதெல்லாம் வானிலை எச்சரிக்கை வந்தாலே பாதைகளை மூடிவிடுகிறார்கள். தங்கை அக்டோபரில் போவதாக இருந்தாள். மாமியார் ஒத்துக்கொண்டால் செப்டம்பருக்கு மாற்றுகிறேன் என்றிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.